ஒரே தேதியிட்ட நான்கு கடிதங்கள்

விம்கோ நகர் டீக்கடை மாடியில் அன்று அக்கா இருந்தார், எங்கள் பகுதிக்குப் பேப்பர் கட்டு எடுத்து விற்கும் ஏஜென்ட்டுகள் ஏழு பேர் இருந்தார்கள், சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த நானும் இருந்தேன். பேசக் கூப்பிட்டிருந்த நான்கு பத்திரிகை அலுவலகங்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் அக்காவுக்கு முன்பே அனுப்பிய நான்கு கடிதங்கள் மட்டும் மேசையில் கிடந்தன. நான்கிலும் ஒரே தேதி, ஒரே வாசகம், ஒரே மாதக் கட்டணம்.

அக்கா எனக்கு உறவில்லை. எங்கள் தெருவுக்கே அக்கா. விடிந்ததும் நான்கு பேப்பரையும் விரித்து வைத்துக்கொண்டு, மணலியில் எங்கே வாயு கசிந்தது, காட்டுப்பள்ளியில் எதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம், இன்று கடலுக்குப் போகலாமா என்று வரி விடாமல் படித்துப் போனில் பதிந்து எல்லோருக்கும் அனுப்புவார். மீன் கழுவும் கையோடு என் அம்மா அதைக் கேட்பாள். எழுத்துத் தெரியாத எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வந்தது அக்காவின் குரலில்தான். படிப்பதை நிறுத்து, அல்லது கட்டணம் கட்டு என்றன கடிதங்கள். அவருடைய தையல் வருமானம் மொத்தமும் அந்தக் கட்டணத்துக்குக் காணாது.

நான் படித்ததை ஆசையோடு சொன்னேன். ஒரு பத்திரிகை தன் செய்தியைத் தர மாட்டேன் என்றால் அது அதன் உரிமை. போட்டியாளர்கள் நான்கு பேரும் கூடிப் பேசி, ஒரே நாளில் ஒரே விலை வைத்துக் கதவைச் சாத்தினால், அதைச் சட்டம் கேள்வி கேட்கும். போட்டி ஆணையத்துக்கு மனு எழுதத் தொடங்கியிருந்தேன்.

அக்காவுக்கு அது போதவில்லை. ஆலை வாசலில் வேலைநிறுத்தம் பார்த்து வளர்ந்தவர். “அவுங்க நாலு பேரு சேந்துகினா, நாம எட்டு பேரு சேர மாட்டமா? கடுதாசிய வாபஸ் வாங்கற வரிக்கும் ஒருத்தரும் பேப்பர் கட்டு எடுக்கக் கூடாது. எழுதுப்பா வக்கீலு!” மாடி முழுக்கச் சிரிப்பு. அந்த ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன், நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாக. எழுதும்போதே உள்ளே ஏதோ இடறியது. ஏஜென்ட்டுகளும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். அவர்கள் கூடி விற்பனையை நிறுத்தினாலும் அதே சட்டம் கேள்வி கேட்கும். ஆனால் என்னை முதன்முதலாக வக்கீல் என்று கூப்பிட்டவர்கள் அவர்கள். அதைச் சொல்லாமல், கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன்.

பத்து நாளில் அந்த நான்கு பத்திரிகைகளிடமிருந்தும் நோட்டீஸ் வந்தது. நான் எழுதிய தாளின் நகல் அதோடு இணைந்திருந்தது. எங்கள் மனு போனால், அவர்கள் பங்குக்கு ஏழு பேர் மேலும் மனு போகும், ஏஜென்சியும் போகும்.

“இன்னா நைனா, படிச்ச புள்ளன்னு நம்புனா, நீயே எழுதிக் குடுத்து நீயே மாட்டிவுட்டியே,” என்றார் ஏஜென்ட்டுகளில் மூத்தவர்.

“அவன இன்னாத்துக்குக் கேக்கற? மொத கையெழுத்து என்னுது,” என்றார் அக்கா.

மனுவை அனுப்பவில்லை. இனிப் படிப்பதில்லை என்று அக்கா எழுதிக் கொடுத்தார். தொழிலாளிகள் கூடுவதும் முதலாளிகள் கூடுவதும் ஒன்றா என்று இன்றும் எனக்குள் வாதாடுகிறேன். இல்லை என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் அந்த ஏழு பேரும் சட்டத்தின் கண்ணில் வியாபாரிகள். அதை அன்று சொல்லியிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான்.

இப்போது நான் கறுப்புக் கோட்டு போடுகிறேன். காலையில் அம்மாவுக்குப் பேப்பர் படிக்கிறேன். “அக்கா மாரி நிறுத்திப் படிடா,” என்கிறாள். நான்கு கடிதங்களும் அந்தத் தாளும் என்னிடம்தான் இருக்கின்றன. தாளின் ஓரத்தில் அக்காவின் பென்சில் எழுத்து: பேப்பர் எடுக்காத பத்து நாளுக்காக ஏஜென்ட்டுகளின் டெபாசிட்டில் பத்திரிகைகள் பிடித்தது, தலைக்கு ஆறாயிரம். சீட்டை எடுத்தும் தையல் மெஷினை விற்றும் ஏழு பேருக்கும் அவரே அதைக் கொடுத்துத் தீர்த்தார். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.