தொடைநடுங்கி டீச்சர்

மெக்கானிக்குக்கு டீச்சர் மேல் பதினோரு வருஷமாகக் கோபம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, முடிவெட்டும் கடையில் முறைக்குக் காத்திருந்தாலும் சரி, கேட்பதற்கு ஒரு காது கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"நான் பார்த்து, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ப்ளேனு. நேத்து வந்த பொண்ணு. சுத்தி ஆறு ஸ்டூடண்டு நிக்கிறான். இதை நான் எடுக்க மாட்டேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாய்யா."

உண்மையில் நின்றவர்கள் நாலு பேர். வருஷத்துக்கு வருஷம் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. அது போகட்டும். அந்தக் கதையில் கூட்டிச் சொன்னதைவிட விட்டுச் சொன்னதுதான் பெரிசு. அந்த மிச்சப் பாதியைப் பற்றி அவன் பெண்டாட்டியிடம்கூட வாய் திறந்ததில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊருக்கு வெளியே ஒற்றை ஓடுபாதை, விமானம் நிறுத்தத் தகரக் கூரை போட்ட ஹேங்கர், ரெண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் மூன்று, கரும்பலகை மாட்டிய ஒரு அறை. அதுதான் அந்தப் பயிற்சிப் பள்ளி. அவள் அங்கே வந்து சேர்ந்தபோது வயது இருபத்து நாலு. அப்பா லாரி டிரைவர். "எம் புள்ள ஓட்டக் கத்துக்குடுக்குற வேலைக்குப் போயிருக்கா" என்று அவள் அம்மா சொல்லப்போக, தெருவில் பாதிப் பேர் கார் டிரைவிங் ஸ்கூல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி தன் பையனுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று வந்து கேட்டாளாம். டீச்சரே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. லைசென்ஸ் கையில் இருக்கும், ஆனால் விமானக் கம்பெனிக்காரன் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்கிறாயா என்று கேட்பான். அவள் வந்தபோது கையில் இருந்தது இருநூற்று முப்பது. மிச்சத்துக்கு விமானம் யார் சும்மா தருவார்கள்? மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அந்த நேரம் அவள் கணக்கிலும் ஏறும். அதற்காகத்தான் எல்லோரும் வருவது. ஏறு, திரும்பு, இறங்கு. ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம். நல்ல நாளில் நாலு மணி நேரம் தேறும். மழைக்காலத்தில் வாரம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாணவன் வாந்தி எடுப்பான், மூட்டையைத் தொப்பென்று போட்ட மாதிரி இறக்குவான், இறங்கி வந்து காற்றின் மேல் பழி போடுவான்.

மற்ற வாத்தியார்கள் அந்த நேரத்தை எப்படியோ தள்ளினார்கள். இவள் தள்ளவில்லை. இறங்கும்போது ரெண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொள்வாளாம், பையன் கண்ணில் படும்படி. "பாரு, நான் தொடல. நீதான் இறக்குற." தரை எழும்பி முகத்துக்கு வரும்வரைக்கும் அந்தக் கை அசையாதாம். கடைசி நொடியில்தான் பிடிப்பாளாம். இதை மாணவர்கள் ஹேங்கரில் வந்து சொல்லும்போது மெக்கானிக் ஸ்பானரைத் தேடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவான்.

ஏனென்றால் அவனுக்குப் பறக்கப் பயம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒர்க்‌ஷாப்பில் நுழைந்தவன். காது வைத்துக் கேட்டே என்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவான், கை அவ்வளவு சுத்தம். ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. அது ஒருத்தருக்கும் தெரியாது. சமையல்காரன் தன் சமையலைச் சாப்பிட மாட்டான் என்றால் கேட்கிறவன் என்ன நினைப்பான்?

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்த விமானத்தை மாணவனிடம் கொடுப்பதற்கு முன்னால் அவளே ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள். ரிப்பேர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் பக்கத்து சீட்டில் வர வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, அவள் கற்றுக்கொண்ட இடத்துப் பழக்கம். முன்பு இருந்த தலைமை மெக்கானிக் குஷியாக ஏறி உட்கார்ந்துவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் இவன் தலைமைக்கு வந்தான். வந்த எட்டு மாசத்தில் எட்டுச் சாக்கு. ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் சாமான் இறக்க வண்டி வருகிறது, மற்ற நாளெல்லாம் பெண்டாட்டிக்குக் காய்ச்சல். அந்த வருஷம் தனக்கு எத்தனை காய்ச்சல் வந்தது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

அன்றைக்கு வால் பக்கத்து மடலைக் கழற்றி மாட்டியிருந்தான். விமானம் ஏறுவதும் இறங்குவதும் அந்த மடல் கையில்தான் இருக்கிறது. டீச்சர் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். மடலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். நின்றாள். மறுபடியும் அசைத்தாள்.

"அண்ணே, ஏதோ லேசா ஆடுற மாதிரி இருக்கு."

"புதுசா மாட்டுனா அப்படித்தான்மா இருக்கும். ஓட ஓட செட் ஆயிரும்."

"சரி. அப்ப வாங்க, ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்."

மாணவர்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். "எனக்கு வேல கெடக்கு."

"ஆறு நிமிஷம்ணே."

"வேல கெடக்குன்னு சொல்றேன்ல!"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சாவியைக் கொக்கியில் மாட்டினாள். "நீங்க ஏறாத ப்ளேன்ல நான் ஏறல. பசங்களையும் ஏத்தல." அன்றைக்கு அத்தனை பாடமும் ரத்து. முதலாளி கத்தினார். அவர் கண்ணால் பார்க்காமலேயே சரிபார்த்தேன் என்று அந்தப் புத்தகத்தில் இவன் பேருக்கு அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர். அது தனிக் கூத்து.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். மெக்கானிக் ஆத்திரம் தாங்காமல் வாலைத் திறந்தான். திறந்து காட்டி அவள் மூக்கை உடைத்துவிடுவது என்றுதான் திறந்தான்.

மடலைப் பிடித்திருக்கிற நட்டு விரலால் திருகின அளவில் நின்றது. கழன்று போகாமல் குறுக்கே செருகி வளைத்துவிடுகிற கம்பி, காட்டர் பின் என்பார்கள், அது அங்கே இல்லை. அவன் சட்டைப் பையில் இருந்தது. காலையில் வேலைக்கு நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தது, பின்னைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பேசினான், திரும்பி வந்து அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டான். விரல் நீளம்கூட இல்லாத கம்பி. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எத்தனை சுற்றுத் தாங்கியிருக்கும்? நாலு? பத்து? அந்த நாலு பையன்களில் ஒருவனுக்கு அன்றைக்குத்தான் தனியாகப் பறக்கிற முதல் நாள்.

இறுக்கினான். பின்னைச் செருகி வளைத்தான். மூடினான். சாப்பிட்டுவிட்டு ஆட்கள் திரும்பி வந்தபோது அவன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான், வேறு மாதிரி. "பாத்தாச்சு, ஒரு மண்ணும் இல்ல. அந்தம்மாவுக்குத் தொடை நடுங்குது, பழி எம்மேல." மாணவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் அவனுக்கு மருந்து மாதிரி இருந்தது. பேர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது: தொடைநடுங்கி டீச்சர். கொஞ்ச நாளில் சுருக்கி 'தொ.டீ.' என்றார்கள். கரும்பலகை ஓரத்தில் யாரோ எழுதிவைத்ததை அவளே துணி எடுத்துத் துடைத்தாள். அப்புறம் அவள் யாரையும் பக்கத்து சீட்டுக்குக் கூப்பிடவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து மணிக்கணக்கு நிறைந்தது. ஒரு கம்பெனி, பெரிய கம்பெனி இல்லை, பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிற புரொப்பெல்லர் விமானக் கம்பெனி, அவளைப் பற்றி விசாரிக்க முதலாளிக்குப் போன் போட்டது. மெக்கானிக் வாசலில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நல்ல பொண்ணு சார், ஒழுக்கமான பொண்ணு. கொஞ்சம் பயந்த சுபாவம். ஒண்ணுமில்லாததுக்கு ஒரு நாள் ப்ளேனையே நிறுத்திட்டா" என்று சொல்லிவிட்டு முதலாளி இவனைப் பார்த்துக் கண்ணடித்தார். இவன் குனிந்து பிளக்கைச் சுரண்டினான். சுரண்ட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் அதே ஆறு நிமிஷச் சுற்று. பிறகு வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. போகிற அன்றைக்கு ஒரு பிஸ்கட் டப்பாவோடு ஹேங்கருக்கு வந்தாள். "வரேண்ணே." இவன் என்ஜினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றான்.

அதற்கப்புறம் எட்டு வருஷம். ஓடுபாதையை நீட்டினார்கள், அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட சின்ன டெர்மினல் வந்தது. இந்த வருஷம்தான் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. போன மாசம் ஒரு நாள் காலை விமானம் வந்து நின்றது. அரை மணியில் திரும்பிப் போய்விடும். ஹேங்கர் வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ நின்றார்கள். ஓடுபாதைக்காரர்கள் போடுகிற மஞ்சள் மேல்சட்டை, அதற்கு மேலே நரை விழுந்த தலை.

"அண்ணே, இன்னும் ரிட்டயர் ஆகலையா நீங்க?"

அவன் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சைத் துடைத்தான். "உக்காருங்க டீச்சர்."

"டீச்சரா! அங்க போன மொத நாளே நான் ஸ்டூடண்ட் ஆயிட்டேண்ணே. ஆயிரத்தைநூறு மணி நேரம் ஊரார் புள்ளைங்களத் திட்டினதுக்கு மொத்தமா சேர்த்து ஒரு கேப்டன்கிட்ட வாங்கினேன்." சிரித்தாள். "இன்னும் கோ-பைலட்தான். அடுத்த வாரம் கேப்டன் இன்டர்வியூ."

"எட்டு வருஷமாவா?"

"ரெண்டு தடவ லிஸ்ட்ல பேர் வந்துச்சு. நாந்தான் வேணாம்னுட்டேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். "அதுக்குத்தான் வந்தேன். இருவது நிமிஷம் இருக்கு. நீங்க எடுத்த தப்பான முடிவு ஒண்ணு சொல்லுங்கன்னு அங்க ஒரு கேள்வி கேப்பாங்கண்ணே. எங்க போனாலும் அதைக் கேப்பாங்க. நான் எப்பவும் அந்த வால் விஷயத்தைத்தான் சொல்றது."

மெக்கானிக் பெஞ்சைத் துடைப்பதை நிறுத்தினான்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு பயந்து, கை சுத்தமான ஒரு மெக்கானிக்க நாலு பேர் முன்னாடி தலைகுனிய வெச்சேன்னு சொல்லுவேன். அன்னையிலேர்ந்து எங் கை மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. இல்லாத ஆட்டம் எங் கைக்கு ஆடுச்சுன்னா, நாளைக்கு எழுவது பேரை வெச்சுக்கிட்டு என்ன என்ன தோணும்? அதான் ரெண்டு தடவயும் பின்வாங்கினேன். இந்த வாட்டி போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரலாம்னு... என்னை மன்னிச்சிருங்கண்ணே."

பதினோரு வருஷம் வளர்த்த கோபம். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வளர்த்தான் என்றுகூடச் சொல்லலாம். வந்தே விட்டது. வாங்கிக்கொண்டு "பரவால்லம்மா, விடு" என்று சொல்லி அனுப்பியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"பின்னு இல்ல டீச்சர்."

"என்ன?"

"நட்டுல பின்னு இல்ல. எஞ் சட்டைப்பைல கெடந்துச்சு. நட்டும் லூசு. நீங்கல்லாம் சாப்பிடப் போனப்ப திறந்து பாத்தேன். மாட்டிட்டு மூடிட்டேன்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்த மாதிரி.

"அப்ப ஆடுச்சு."

"ஆடுச்சும்மா."

"தெரிஞ்சுதான் ஏற மாட்டேன்னீங்களா?"

"சத்தியமா இல்ல. எனக்கு மேல போகவே பயம். இன்னைக்கு வரைக்கும் போனதில்ல."

"இதைச் சொல்லியிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பேனே." அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்க பயத்துக்கு எம் பேரை வெச்சிட்டீங்க."

ஒரு நாளும் ஏறாதவனுக்கு நின்ற இடத்திலேயே பூமி நழுவியது. முதலாளி போனில் பேசியது, கண்ணடித்தது, தான் பிளக்கைச் சுரண்டியது, அதையும் சொன்னான். சொல்லச் சொல்ல இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. கரும்பலகையில் அந்த ரெண்டு எழுத்தை எழுதினவன் யார் என்று தனக்குத் தெரியும், தடுக்கவில்லை, சிரித்தேன் என்பதையும் சொல்லி முடித்தான்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நாள் கட்டுப் போட்டிருந்து அவிழ்த்த கையைப் பார்க்கிற மாதிரி. டெர்மினல் பக்கம் பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். அவள் எழுந்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்ப எனக்கு வராது."

"நான் என்ன செய்யணும் டீச்சர்? சொல்லுங்க, செய்றேன்."

ஹேங்கர் வாசல்வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"முதலாளிகிட்ட சொல்லுங்க. போன்ல இல்ல, இன்னைக்கே நேர்ல போயி. ரூம்ல ஸ்டூடண்ட்ஸ் யாராவது இருந்தா, வெளிய போகச் சொல்லாதீங்க."