பூட்டிய அறையின் உள்ளளவு

எங்கள் தெருவில் தீனதயாளன் என்றொரு தபால்காரர் இருக்கிறார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. அதற்குமுன் முப்பத்திரண்டு வருஷம் கல்வராயன் மலைக்குக் கடிதம் சுமந்தவர். ஒருநாள் வெள்ளிமலை ஏற்றத்தில் கரடி ஒன்று வழிமறித்து, தனக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று தபால் பையை முகர்ந்ததாம். இல்லை என்றதும் முகம் தொங்கிப்போய் ஒதுங்கியதாம். கரடியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மலையில் அவர் படித்துச் சொன்ன ஆயிரம் கடிதங்களில் ஒரு வரிகூட அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அதனால்தான் எதிர்வீட்டு ரீத்தா தன் வீட்டின் மாற்றுச் சாவிக் கொத்தை அவரிடம் கொடுத்து வைத்திருந்தாள். காலண்டர் ஆணியில் எட்டு வருஷமாக அது தொங்கியது. புருஷன் இல்லாதவள், அங்கன்வாடியில் சமையல். மகன் அமலின் கல்யாணத்துக்கென்று பின்கட்டில் ஓர் அறை எழுப்பினாள். கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாளே, மகள் பிரின்சிக்குப் பிரசவ வலி என்று சின்னசேலத்துக்கு ஓடினாள். இருபத்தொரு நாள், காலையும் மாலையும், அந்தக் கூரைக்குத் தண்ணீர் விட்டவர் தீனதயாளன்தான். "கூடப் பொறந்தவன்கூட இப்டிச் செய்ய மாட்டாண்ணா" என்றாள் திரும்பி வந்தவள். புது அறையின் சாவியொன்றும் அந்தக் கொத்தில் சேர்ந்தது.

இந்த வருஷம் சொத்து வரி நோட்டீஸ் வந்தது. மாட்டுக் கொட்டகையையும் வீட்டோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். தீனதயாளன் நான்கு பக்கத்துக்கு மேல்முறையீட்டு மனு எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதுகிற சூட்டில், இன்னொரு வீட்டை ஒப்பிட்டுக் காட்டினால் மனு பலமாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. எதிரே ஏழாம் எண் வீட்டில் புதிதாக ஓர் அறை இருக்கிறது, அது வரியில் சேரவில்லை என்று ஒரு வரி எழுதினார். குத்துமதிப்பாக எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ரீத்தா வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஆணியிலிருந்த சாவியை எடுத்துப்போய், டேப் வைத்து அளந்து, உள்ளளவையும் எழுதினார்.

படித்துவிட்டுத் தன் வரியைக் குறைப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தார். அத்தனை வருஷம் கடிதம் கொடுத்த மனிதருக்கு, பிரித்துப் படித்தவர்கள் அதற்கப்புறம் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது தெரியாமல் போயிற்று.

பதினைந்தாம் நாள் தீனதயாளனின் கொட்டகையை அளக்கப் பேரூராட்சியிலிருந்து பில் கலெக்டர் ஜெயசுதா வந்தார். அன்று அங்கன்வாடிக்கு விடுமுறை. ரீத்தா டீயோடு வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, கொட்டாயக்கூட வூடுன்னுட்டாங்களா? மாட்டுக்கு ஆதார் கேக்காம வுட்டாங்களே!" என்று சிரித்தபடி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க சார், கொட்டாயக் கழிச்சிடலாம்" என்ற ஜெயசுதா பக்கத்தைப் புரட்டினார். "ஏழாம் நம்பர் வூடு யாருது?"

"என்துதாங்க."

"பின்னாடி ரூமைத் தெறந்து காட்டுங்கம்மா. உள்ளளவு பன்னெண்டுக்குப் பதினாலுன்னு மனு வந்திருக்கு."

"யாரு குடுத்த மனுங்க?"

ஜெயசுதா காகிதத்தைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அங்கேயும் ரீத்தாவே டேப்பைப் பிடித்தாள். பன்னிரண்டு, பதினான்கு. ஒரு விரற்கடை தப்பவில்லை. அளந்து முடிந்ததும் தெருவைக் கடந்து வந்து தீனதயாளன் எதிரில் நின்றாள்.

"அமலு கல்யாணம் வரைக்கும் பூட்டியே கெடக்கற ரூமுண்ணா அது. உள்ளளவு யாரு எடுத்தது?"

அவர் கையிலிருந்த டீயைப் பார்த்தார். ஆறி, ஆடை படிந்திருந்தது.

"ஒன்னத்தாண்ணா கேக்கறேன்."

"நான்தான் ரீத்தா."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே வந்து டேப்பு புடிச்சிருப்பனே."

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. அவருக்கு வரி குறைந்தது, அவளுக்கு ஏறியது. அதன்பின் பால் ஊற்றப் போவதற்குக்கூட அவர் கொல்லைப்புறச் சந்து வழியே போனார்.

"ஊருக் கடுதாசியெல்லாம் வயித்துல வச்சிக்கினு இருந்த மனுசன், ஒரு ரூமை வச்சிக்க முடியலியா?" என்று மனைவி ராணியம்மாள் கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரீத்தா கோயிலிலிருந்து வந்ததும் மெல்லப் போய் நின்றார். "ஒனக்கும் ஒரு மனு எழுதித் தரட்டா ரீத்தா? கொறைப்பாங்க."

"வேணாண்ணா. ரூம் கட்டனது நெசம். வரி கட்டிடறேன். நீ எதுவும் எழுதாத."

அவள் சாவியைக் கேட்கவே இல்லை. அதுதான் அவரைத் தின்றது. காலண்டரில் தேதி கிழிக்கும் ஒவ்வொரு காலையிலும் அது கையில் பட்டது. கடைசியில் ஒருநாள் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். பத்தே எட்டுத் தூரம். 'இருக்கட்டும்ண்ணா, ஒங்கிட்டயே இருக்கட்டும்' என்று அவள் சொல்லுவாள் என்று பத்து எட்டும் நினைத்துக்கொண்டே போனார்.

ரீத்தா மாவுக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்ப மாவு பிசையப் போய்விட்டாள்.

வாசலிலேயே நின்றிருந்த ராணியம்மாள் கேட்டாள்: "இன்னாங்க சொன்னா?"

"வாங்கிக்கினா" என்றார் தீனதயாளன்.