முதல் பிடி அரிசி

ஜெர்மனியில், எசன் நகரத்து மண்டபமொன்றில் பொங்கல் பானையில் பால் பொங்கி வழிந்தது. ஊருக்கு முதலில் வந்து குடியேறியவர்தான் முதல் பிடி அரிசி போடுவது இங்கே வழக்கம். அது தான்தான் என்று, எனக்கு அறிமுகமில்லாத இரண்டு தம்பிமார் ஆளுக்காள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பால் கருகிய மணம் என்னை இலங்கையில் எங்கள் வன்னிக்குக் கொண்டுபோனது. அங்கே காடு வெட்டி முதலில் குடியேறியவர்கள் அப்பாவும் பக்கத்து வளவுக் கந்தையா மாமாவும். ஒரே டிராக்டர் பெட்டியில் வந்தவர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும், பாலை மர விறகு புகையப் புகைய, இதே வழக்குத்தான்.

"நான்தான் முதல் குதிச்சனான்," என்பார் அப்பா.

"குதிச்சனியோ? பெட்டியாலை விழுந்தனி!" என்பார் மாமா.

அம்மா அரிசியை அள்ளிப் போடுவார். "முதல் இறங்கினது நான். நீங்கள் ரெண்டு பேரும் நல்ல நித்திரை."

அம்மாவைப் போலப் பேச எனக்கு வராது. மண்டபத்துப் பானையில் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

தம்பிமார் திகைத்துவிட்டார்கள். "அக்கா, நீங்கள் எசனுக்கு எப்ப வந்தனீங்கள்?"

"போன மாசம்."

அடுத்த பிடியை இருவரும் சிரித்தபடி சேர்ந்தே போட்டார்கள்.