தக்சனுக்கு வந்த மூவாயிரம் பேர்

2024 நவம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, தக்சன் வீட்டை விட்டுப் போனான். தாய் செல்வமலர் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையம்வரை கூடவே நடந்தாள். நோர்வேயின் வடக்கே பூடோவில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வயது இருபத்தொன்று. அதில் பன்னிரண்டு வருடம் பந்துக்குப் பின்னால் ஓடியவன்.

"போய்ச் சேர்ந்தவுடனை ஃபோன் எடு தம்பி," என்றாள். அவன் திரும்பிப் பாராமல் ரயிலில் ஏறினான்.

எல்லாம் அந்த ஆகஸ்டில் தொடங்கியது. அவன் ஆடிய சின்னக் காற்பந்துக் கழகத்துக்கு ஜப்பானிலிருந்து கிசாகி என்றொருவன் வந்து சேர்ந்தான். அதே வயது, அதே இடதுபக்க ஆட்டம். ஆனால் இணையத்தில், படம் போடும் செயலியில், அவனைப் பின்தொடர்ந்தவர்கள் நாலு லட்சம். அணியில் மற்ற எல்லோரையும் கூட்டினாலும் இருபதாயிரம் தேறாது. தக்சனுக்குத் தொள்ளாயிரம்.

"அவன் சப்பாத்துக் கயிறு கட்டினாலே இருபதாயிரம் லைக், அம்மா. நான் கோல் அடிச்சால் நீங்களும் மாமாவும்தான்," என்று அப்போது சிரித்தான்.

அடுத்த வருட ஒப்பந்தம் இருவரில் ஒருவருக்குத்தான். விளம்பரம் தருகிறவர்கள் அந்த எண்ணிக்கையையும் பார்ப்பார்களாம். சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு அவன் எழும்பிப் போனான். செல்வமலர் தட்டை ஒதுக்கிவைத்தாள்.

முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் வேலை அவளுக்கு. ஒஸ்லோத் தமிழருக்கு அவளைத் தெரிந்ததோ மீன் ரோல்ஸால். இருபத்தாறு வருடமாக யார் வீட்டில் பெண் பெரியவளாகிச் சாமத்தியவீடென்றாலும், யார் பிள்ளையின் அரங்கேற்றமென்றாலும் போய் நின்று உருட்டிக் கொடுப்பாள். கைம்மாறு கேட்டதில்லை. ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு கேட்டாள், வாட்ஸ்அப் குரல்பதிவில்:

"உங்கடை பிள்ளையளின்ரை விசேசத்துக்கெல்லாம் வந்தனான்தானே. என்ரை பிள்ளைக்கு ஒருக்கா வாங்கோ. அவன்ரை பக்கத்திலை பின்தொடருற பட்டனை அமத்தினால் காணும்."

சனம் திரண்டுவிட்டது. ஒஸ்லோ, பாரிஸ், ரொறன்ரோ, வவுனியா. கைபேசியில் பேசமட்டும் தெரிந்த கிழடுகள்கூடப் பேரப்பிள்ளைகளைப் பிடித்துப் புதுக்கணக்குத் திறந்தார்கள். படமில்லை, பதிவில்லை. பொழுதுபடுவதற்குள் மூவாயிரத்து நூறு பேர்.

செவ்வாய்க்கிழமை, எல்லாம் காசுக்கு வாங்கிய போலி ஆட்கள் என்று அந்தச் செயலி தக்சனின் கணக்கை முடக்கியது. கிசாகியின் ரசிகர்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'இவன் சேர்த்தது, இவன் வாங்கியது' என்று எழுதிச் சிரித்தார்கள். கழகம் ஒப்பந்தத்தைக் கிசாகிக்குக் கொடுத்தது.

"எத்தினை பேரை வாங்கினீங்கள்?" என்று கேட்டான் மகன்.

"ஐயோ, எல்லாம் எங்கடை சனமடா! பூமணியக்கா, செபஸ்ரியன் மாஸ்டர்..."

"அதைக் கழகத்திலை போய்ச் சொல்லுங்கோ."

போனாள். வரவேற்பில் இருந்த பெண் கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். பிறகு செயலிக்குத் தன் மின்னஞ்சலிலிருந்து முறையீடு எழுதினாள். யார் யார், என்ன முறை என்று ஒவ்வொரு பெயராக எழுதி, நானூறோடு கை ஓய்ந்தது. அப்படியே அனுப்பினாள்.

பூடோவிலிருந்து அழைப்பு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. ஏப்ரலில் அவன் எண்ணே பாவனையில் இல்லாமல் போனது.

அடுத்த செப்டம்பரில், உலர்த்தியிலிருந்து போர்வைகளை இழுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. செயலியிடமிருந்து நோர்வேஜிய மொழியில் சில வரிகள்.

"உங்கள் முறையீட்டைப் பரிசீலித்தோம். இக்கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் உண்மையான மனிதர்களே. தவறுக்கு வருந்துகிறோம். கணக்குக்கு உரியவர் முப்பது நாள்களுக்குள் தாமே வந்து உறுதிசெய்யாவிட்டால், கணக்கு நிரந்தரமாக அழிக்கப்படும்."