காலிப் பெட்டிகளைத் தேடி வாடிப்பட்டியில்

காலை ஆறு மணிக்குச் சிம்மக்கல்லில் காசிம் பாயின் மினி லாரியில் ஏறினேன். டீ பதினைந்து ரூபாய். அதில் பாலைத் தேடத்தான் வேண்டியிருந்தது. நாட்டின் பொருளாதாரம் நிமிர வேண்டுமென்றால் சரக்குச் சங்கிலி பலப்பட வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். தக்காளியோடு போய் அந்தச் சங்கிலியைப் பார்த்துவிடலாம் என்பது என் ஆசை. வாடிப்பட்டித் தோட்டத்திலிருந்து திருமங்கலம் வரை பயணம். அங்கே கேரள லாரி காத்திருக்கும்.

ஏழு மணி, வாடிப்பட்டி. இருபத்தைந்து கிலோமீட்டர் வந்திருந்தோம். தோட்டம் முழுக்கச் சிவப்பு. தோட்டக்காரி பாண்டியம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பெட்டி எங்க?"

"மண்டியில ஒரு காலிப் பெட்டிகூட இல்ல தங்கச்சி. போனதெல்லாம் திரும்பி வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழம் இருக்கிறது, பறிக்க ஆள் இருக்கிறது, வண்டி இருக்கிறது. மண்டிக்காரர் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி இல்லை என்று எல்லாம் நிற்கிறது! சாக்கில் போடலாமே என்றேன்.

"சாக்குல போட்டா திருமங்கலம் போறதுக்குள்ள ரசம்தான் சார்" என்றார் காசிம்.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். இத்தனை மாதப் பாடும் போச்சே என்று பாண்டியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

காசிம் வண்டியைத் திருப்பினார். கடைத்தெரு டீக்கடையில் ஆறேழு பேர் நீலப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்கண்ணே, இதெல்லாம் மண்டிப் பெட்டி."

"இம்புட்டு நாளா உக்காந்திருக்கோம், எவனும் கேக்கலையே மாப்ள!"

அதற்குப் பிறகு என் கண்ணில் வேறெதுவும் படவில்லை. பஞ்சர் கடையில் பெட்டி, கோழி அடைக்கப் பெட்டி, குழாயடியில் துணி வைக்கப் பெட்டி. அடப்பாவிகளா, நாட்டின் சங்கிலிமேல் ஊரே ஏறி உட்கார்ந்திருக்கிறதே! கெஞ்சியும் அதட்டியும் வண்டி நிறையச் சேர்த்தோம்.

மதியம் ஒரு மணி, மறுபடி தோட்டம். பெட்டியெல்லாம் நிரம்பியும் கொஞ்சம் பழம் மிஞ்சியது. பாண்டியம்மாள் சற்று யோசித்தாள். வீட்டுக்குள் ஓடி, டி.வி.யைக் கட்டிலில் இறக்கிவைத்துவிட்டு, அதைத் தாங்கி நின்ற இரண்டு நீலப் பெட்டிகளோடு வந்தாள். நான் பெட்டிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்படிப் பாக்காதீங்க. வீட்டுக்கு வீடு வாசப்படி" என்றாள்.

தூறல் விழ ஆரம்பித்தபோது வண்டி கிளம்பிவிட்டது.

மாலை நான்கு மணி, திருமங்கலம். சரக்கு முழுவதும் கேரள லாரிக்கு மாறியது. காலிப் பெட்டி எப்போது வரும் என்று காசிம் கேட்டார்.

லாரி டிரைவர் சிரித்தார். "வெறும் பெட்டிய ஏத்திட்டு வந்தா டீசலுக்குக் கட்டுமாண்ணே? அங்கயும் டீக்கடை இருக்குல்ல!"

லாரி நகர்ந்தது. பாண்டியம்மாள் வீட்டுப் பெட்டிகளும் அதில்தான் போயின. அந்த நேரத்தில் காசிமின் போன் அடித்தது.

"அண்ணே, நல்லவேளை, பழம் தப்பிச்சிருச்சு. நாளான்னைக்கு அடுத்த பறிப்பு. பெட்டியோட வந்துருவீங்கள்ல?"

காசிம் நாற்கர சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன் தங்கச்சி" என்றார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.