முப்பத்து நான்கு வருடம் கண்ணாடிக்குள்

கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம் கழித்து, "உங்களுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா" என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்றுதானே நினைப்போம். இஸ்திரியம்மா கேட்டது ஒரே கேள்வி. "அப்போ இத்தனை நாளா நான் யாருக்குச் சமைச்சுப் போட்டுட்டிருக்கேன்?"

இஸ்திரியம்மா என்பது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் இஸ்திரி போடுகிறாள். ஆவியும் சோப்பு நெடியுமாக இருக்கும் அந்தக் கூடத்தில் அவள் வாய் ஓயாது. எந்த நர்ஸுக்கு எந்த டாக்டரைக் கண்டால் ஆகாது, எந்த வார்டில் விரிப்பு காணாமல் போகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த வாய்க்கு வேலை கிடையாது. பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட அங்கே ஓர் ஆள் இருந்தார்.

அவருக்குப் படங்களுக்கு பிரேம் போடும் கடை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே வைத்து, தெருவில் ரசமட்டம் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். வங்கியிலும் பல் டாக்டரிடமும்கூட அப்படித்தான். கெட்ட மனிதர் என்று சொன்னால் வாய் வெந்துவிடும். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. அவளுக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் கடையை மூடிவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே கிடந்தார். ஆனால் கேட்கத் தெரியாது. சுவருக்கு என்ன நிறம், மகனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், எல்லாம் அவரே முடிவு செய்து அவரே அறிவிப்பார். கல்யாணமும் அப்படித்தான். கடையில் வைத்து அவரும் அவள் அண்ணனும் பேசி முடித்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த மனிதருக்கு அது தெரியவே தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க இருவரும் கிளம்ப விசா வேண்டும், விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ரசமட்டத்துக்கு ஒரே பெருமை. சான்றிதழ்தான் அவர் கையாலேயே பிரேம் போட்டு முன்னறைச் சுவரில் தொங்குகிறதே! கறுப்பு மெருகு போட்ட தேக்கு, உள்ளே ஓரங்களைச் சுற்றித் தந்த நிற அட்டை, நடுவே சிவப்பு முத்திரையோடு அந்தக் காகிதம். பிரேமோடு தூக்கிக்கொண்டு போனார்.

விசா அலுவலகத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். "இது சான்றிதழ் இல்ல சார், கல்யாணம் பண்ணிக்கக் குடுக்கிற லைசென்ஸ். பதிவாளர் ஆபீஸ்ல சான்றிதழ் நகல் வாங்கிட்டு வாங்க. இன்னையிலிருந்து பதினாலாம் நாள் உங்களுக்கு நேர்காணல். அப்போ கையில இருக்கணும்."

அன்றே இருவரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஆவண அறையின் ஜன்னலுக்குப் பின்னால், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஓர் எழுத்தர் அம்மா. பொறுமைசாலி. அந்த வருடத்துக் கல்யாணப் பதிவேட்டை எடுத்து முதலில் மாப்பிள்ளை பெயரில் தேடினார். இல்லை. பெண் பெயரில் தேடினார். இல்லை. வருடம் மாறியிருக்குமோ என்று முன்வருடத்தையும் பின்வருடத்தையும் புரட்டினார். ரசமட்டமோ ஜன்னலுக்குள் தலையை விட்டு, "நல்லாப் பாருங்கம்மா, இங்கதான் இருக்கும்" என்று பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் எழுத்தர் அம்மா லைசென்ஸ் பதிவேட்டைத் திறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் இரண்டு பேர் பெயரும் இருந்தன. எதிரே, 'திரும்பி வந்த தேதி' என்ற கட்டம் காலி.

"லைசென்ஸ் வாங்கியிருக்கீங்க. கல்யாணத்தை நடத்தி வச்சவரும் சாட்சிகளும் அதுல கையெழுத்துப் போட்டதும், முப்பது நாளுக்குள்ள இங்க திருப்பிக் குடுத்திருக்கணும். அதை வச்சுத்தான் நாங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணுவோம். நீங்க குடுக்கவே இல்ல. சட்டப்படி பார்த்தா உங்களுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா."

அப்போதுதான் இஸ்திரியம்மா அந்தச் சமையல் கேள்வியைக் கேட்டாள். பின்னால் வரிசையில் நின்ற இருவர் சிரித்துவிட்டார்கள்.

ரசமட்டத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். "யாருமே சொல்லலையே! சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ்ல பண்ற தப்புக்கு நாங்களா பொறுப்பு?"

"லைசென்ஸ்லயே அச்சடிச்சிருக்குமே சார். அடியில பாருங்க."

"அடியில ஒண்ணும் இல்ல."

"அட்டை மறைச்சிருக்கும் போல. கழட்டித்தான் பாருங்களேன்."

சட்டைப் பையில் சின்னக் குறடு இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. ஜன்னல் பலகையிலேயே பிரேமைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினார், அட்டையைத் தூக்கினார். அடியில் இரண்டு வரி, கொட்டை எழுத்தில். முப்பது நாட்களுக்குள் இவ்வலுவலகத்தில் திருப்பி ஒப்படைக்கவும், தவறினால் பதிவு செல்லாது. முத்திரைக்குக் கீழே அந்த இரண்டு வரி பார்க்க லட்சணமாக இல்லை என்று, கல்யாணமான மறுவாரமே அங்குலம் பிசகாமல் அட்டை வெட்டி மறைத்தவர் சாட்சாத் அவரேதான். வேறொருவனாக இருந்தால் கசங்கிய காகிதத்தையாவது கொண்டுபோய்க் கொடுத்துத் தொலைத்திருப்பான். பிரேம் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டால் வேறென்ன நடக்கும்! ரசமட்டம் கட்டைவிரலை அந்த வரிகளின் மேல் வைத்துக்கொண்டார். இஸ்திரியம்மா அதையும் பார்த்தாள்.

"புதுசா விண்ணப்பம் போடுங்க" என்றார் எழுத்தர் அம்மா. "ஆளுக்கு ஒரு ஃபாரம். மூணு நாள்ல லைசென்ஸ் வரும். இங்கயே கல்யாணத்தை நடத்தி அன்னைக்கே பதிவும் பண்ணிடலாம்."

"அவ்வளவுதானே? குடுங்க" என்று இரண்டு படிவங்களையும் ரசமட்டமே வாங்கினார். அவருடையதை நிரப்பினார். பிறகு அவளுடையதையும் இழுத்து வைத்துக்கொண்டு பெயர், வயது, தொழில் எல்லாம் மளமளவென்று எழுதி, 'சொந்த விருப்பத்துடன் சம்மதிக்கிறேன்' என்ற இடத்துக்கு வந்து பேனாவை ஊன்றினார்.

இஸ்திரியம்மா காகிதத்தைச் சரக்கென்று இழுத்துக்கொண்டாள். பேனா பலகையில் நீளக் கோடு போட்டது.

"இது என் ஃபாரம்."

"சரி, நீயே எழுது. அதுக்கென்ன?"

"யோசிச்சு எழுதறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்."

படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அன்று வீட்டில் அவர் தலையணை முன்னறைக்குப் போனது. "கல்யாணம் ஆகாத ஆம்பளைக்கு உள்ள என்ன வேலை?" என்று ஒரே வரிதான் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. கதவை மட்டும் நிஜமாகவே சாத்தினாள். மகன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, உங்க கல்யாணத்துக்கு என்னால வர முடியாதும்மா, லீவு இல்ல!" சிரித்து முடித்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "வந்துடுவீங்கல்லம்மா? பாப்பாவுக்கு உன்னோட தாடை அப்படியே இருக்கு."

பேத்தியைத் தூக்காமல் இருக்க முடியுமா அவளால்? கை ஊறியது. அதற்காகவே கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று நாலு முறை பேனாவை எடுத்தாள், நாலு முறையும் வைத்தாள். போட்டுவிட்டால் இந்த முறையும் தன்னைக் கேட்காமல் நடந்த கல்யாணம்தானே? சலவைக்கூடத்தில் பெண்கள் எல்லாம், "அக்கா, பொண்ணு பார்க்க நாங்களும் வரலாமா?" என்று கலாய்த்துத் தள்ளினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் பயமாக இருந்தது. அந்த மனிதர் கேட்கவே மாட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவரும் கேட்பதைத் தவிர மற்றதெல்லாம் செய்தார். இரண்டு வருடமாக ஒழுகிய சமையலறைக் குழாயைச் சரி செய்தார். அவளுடைய செருப்புக்கு வார் தைத்துக் கொண்டுவந்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஆறாம் நாள், "பதிவாளர் ஆபீஸை நாலு மணிக்கு மூடிடுவாங்களாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மூடட்டும்" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். அன்று கொடுத்தால்தான் விசா தேதிக்குள் எல்லாம் முடியும். ஆவிப்பெட்டியின் புஸ்ஸென்ற சத்தத்துக்கு நடுவே சலவைக்கூட வாசலில் ரசமட்டம் நின்றார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட உள்ளே வராத மனிதர். எங்கே நிற்பது என்று தெரியாமல் அழுக்குத் துணி வண்டியில் இடித்துக்கொண்டு, அவள் மேசைக்கு எதிரே வந்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"என்னங்க, கடையைத் திறக்கலையா?"

"இல்ல." வேர்த்து ஊற்றியது அவருக்கு. "அந்த அட்டையை வெட்டினது நான்தான். ஆபீஸ்ல யாரும் தப்புப் பண்ணல. என் தப்புதான்."

இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா! அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னைக்கு உங்க அண்ணன்கிட்டதான் கேட்டேன். உன்கிட்ட கேக்கல."

"ஆமா. கேக்கல."

"நீ வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். கடை வாசல்ல நீ நின்னுட்டிருந்தே. தைரியம் வரல. அப்புறம்... அப்புறம் கேக்காமயே பழகிப்போச்சு. இப்பவும் அதே பயம்தான். ஒம்போது நாளா தூக்கம் இல்ல."

முப்பத்து நான்கு வருடமாக அவள் என்ன நினைத்திருந்தாள்? தன்னை ஒரு பொருட்டாக மதிக்காததால்தான் கேட்கவில்லை என்று நினைத்து, மனசுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள். தன்னை இழந்துவிடுவோமோ என்று ஒரு மனிதர் இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. சந்தோஷமாகவும் இருந்தது, ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

"அதைக் கேட்டுடுங்களேன் இப்போ" என்றாள்.

ரசமட்டம் சுற்றிலும் பார்த்தார். மிஷின்களை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள். கையில் இருந்த விரிப்பின் மிச்சப் பாதியை மெதுவாக இஸ்திரி போட்டு, மடித்து, அடுக்கில் வைத்தாள். அவர் அது முடியும்வரை அசையாமல் நின்றார். பிறகு அவள் சூப்பர்வைசரிடம் போய் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

பதிவாளர் அலுவலக ஜன்னலில் அதே எழுத்தர் அம்மா. படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருப்பதைப் பார்த்தார். சம்மதக் கட்டத்தில் மட்டும் வேறு கையெழுத்து, கொஞ்சம் கோணல்மாணலாக.

"விதிப்படி கேக்கணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க. யாரும் வற்புறுத்தலையே? உங்க சொந்த விருப்பத்தோடதானே?"

"ஆமாம்மா" என்றாள் இஸ்திரியம்மா. "என்னைக் கேட்டாங்க. நான் சரின்னு சொன்னேன்."