ஹில் வியூ ஜெகதீசன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஜெகதீசன் புல்லட்டை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறார். வண்டியைத் துடைப்பதற்கு முன் கைப்பேசியின் கேமராவைத் துடைக்கிறார். வாயால் ஊதி ஒரு தரம், சட்டை நுனியால் ஒரு தரம். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "தேவி, அந்த மஞ்சப் பொடவ கட்டிக்க. பச்சைல மஞ்சாதான் தூக்கும்."

பச்சை என்பது மலை. மஞ்சள் என்பது அவர் மனைவி துர்காதேவி.

திருப்போரூரில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவர்களுடையது. ஜெகதீசனுக்கு நாற்பத்திரண்டு வயது. சட்டைப் பையில் எப்போதும் மடித்துவைத்த லேஅவுட் படம். வீட்டுமனை விற்கிறார். வாரம் ஆறு நாள் விற்றுவிட்டு, ஏழாம் நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு சாலையில் குன்றுகளுக்கு நடுவே உலா போகிறார். "வாரம்பூரா ஓடுறோம் டீச்சர். சண்டேன்னா பேமிலிதான். நோ பிசினஸ்" என்பார். எங்கள் தெருப் பெண்கள் பலர் இதைச் சொல்லித் தங்கள் கணவர்களைக் குத்திக்காட்டுவதுண்டு.

துர்கா சொல்லும் கதை வேறு. "மாமல்லபுரம் போலாம்னுதான் டீச்சர் கெளம்புவாரு. வண்டி மட்டும் தானா மலைப்பக்கம் திரும்பிக்கும். கண்ணாலமாகி பன்னெண்டு வருசமாவுது, இவரோட கடக்கரைல குந்தி ஒரு பொட்டலம் சுண்டல் துன்னதில்ல."

வண்டி திரும்பும் இடம் மலைச்சாரல் நகர். மண்பாதையில் உள்ளே போனால் கல் நட்ட அறுபது மனைகள். எதிரே ஆமைமலை, ஆமையோட்டைக் கவிழ்த்ததுபோல் ஒரு பாறைக்குன்று. அதைப் பார்த்தபடி ஒரு வேப்பமரம். வண்டி அந்த மரத்தடியில்தான் நிற்கும். துர்கா இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, மலையைப் பின்னால் விட்டு நின்று சிரிப்பாள். மதியத்துக்குள் அந்தச் சிரிப்பு நானூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் போய்விடும். "மனைவியுடன் ஒரு ஞாயிறு. மலை எதிரே உங்கள் வீடு. இன்னும் சில மனைகளே உள்ளன." அந்தச் சில மனைகள் மூன்று வருடமாகச் சிலவாகவே இருக்கின்றன.

அவர் வாயில் விழுந்த எந்த நிலமும் சும்மா கிடக்காது. கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மனைக்கு 'சீ ப்ரீஸ்' என்று பெயர். "நெம்மேலி கடக்கரைல அடிக்கிற காத்து இங்க வராம எங்க பூடும் டீச்சர்?" எருமை மேய்ந்தால் பசுமைச் சூழல். பஸ் வராத ஊர் அமைதியான ஊர். பஸ் வரும் ஊர் வசதியான ஊர். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. சொல்லச் சொல்ல முதலில் நம்புகிறவர் அவராகத்தான் இருக்கும். பதினேழாம் மனையை மனைவி பெயரிலேயே வாங்கியிருக்கிறார். அங்கே கட்டப்போகும் வீட்டில் சமையலறை ஜன்னல் மலையைப் பார்க்க வேண்டும் என்பது துர்காவின் ஒரே நிபந்தனை. தண்ணீர் பிடிக்க நிற்கும்போதும் அந்த ஜன்னலைப் பற்றித்தான் பேசுவாள். எத்தனை கம்பி, தரையிலிருந்து எத்தனை அடி என்பதுவரை முடிவாகிவிட்டது.

அடுத்த ஆண்டு எனக்குப் பணி ஓய்வு. பள்ளி மணி கேட்காத இடத்தில், மலையைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு என்ற ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. பதினெட்டாம் மனைக்குத் திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முந்தின நாள் என் ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனேன்.

சாலை காட்டுக்குள் நுழைந்ததும் இருபுறமும் குன்றுகள் எழுந்து வந்தன. ராத்திரி பெய்த மழையில் பாறைகள் கறுத்துப் பளபளத்தன. துர்கா ஒரு கையில் இட்லிப் பொட்டலம், மறு கையில் கணவர் தோள் என்று உட்கார்ந்திருந்தாள். வளைவுக்கு வளைவு ஜெகதீசன் கையை நீட்டி எனக்கு எதையோ காட்டினார். இயற்கையை ரசிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் அடுத்தடுத்து வரப்போகும் லேஅவுட்டுகள்.

வேப்பமரத்தடியில் படம் எடுத்தாயிற்று. என்னையும் நிறுத்தி ஒன்று. "பாத்தீங்களா டீச்சர், மலைன்னா இது. நாம பூட்டாலும் இது போவாது" என்றார். கிளம்பும்போது பார்த்தால் புல்லட்டின் பின்சக்கரம் காற்றில்லாமல் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

"மலைக்குப் பின்னால பஞ்சர் கடை கீதுன்னு வர்ற வழில போர்டு பாத்தேன்" என்றாள் துர்கா.

ஜெகதீசனுக்குக் காலை வெயிலிலேயே வியர்த்தது. "அங்கல்லாம் வேணாம். செங்கல்பட்டுலர்ந்து ஆள வரச் சொல்றேன். ஒரு மணி நேரத்துல வந்துருவான்."

"கூப்புடு தூரம் தள்றதுக்கு ஒரு மணி நேரம் குந்திகினு இருக்கணுமா? இன்னா பேஜாரு இது? நீ தள்றியா, நான் தள்ளட்டுமா?"

அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துவிட்டாள். அவர் வேறு வழியில்லாமல் மறுபக்கம் பிடித்தார்.

மலையைச் சுற்றிப் போகும் பாதையில், ராத்திரி மழைக்கும் போகாத கல்தூசியில் செடியெல்லாம் வெள்ளையாக இருந்தது. முதலில் ஜல்லி உடைக்கும் சத்தம் கேட்டது. வளைவு திரும்பியதும் துர்கா நின்றுவிட்டாள். ஆமைமலைக்குப் பின்பக்கமே இல்லை. உச்சியிலிருந்து அடிவரை செங்குத்தாக வெட்டி எடுத்திருந்தார்கள். இத்தனை நாள் மலை என்று நாங்கள் பார்த்தது, மிச்சம் வைத்திருந்த ஒரு சுவர். வெட்டிய இடத்தில் பெரும் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். கரையெங்கும் டிப்பர் லாரிகள்.

பஞ்சர் கடை லோகு டயரைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "இன்னா சார், இன்னிக்கு இந்தாண்ட வந்துகினீங்க? எப்பவும் அந்தாண்டயே போட்டோ புட்ச்சிகினு பூடுவீங்களே?"

"இவர ஒனக்குத் தெரியுமா?" என்றாள் துர்கா.

"தெரியாம இன்னாக்கா? அந்த மரத்தாண்ட நின்னா வெட்டுனது தெரியாதுன்னு காட்டுனதே நான்தான். முன்னாடி கீறது வெறும் தோலு. தை மாசத்துக்குள்ள அதுவும் பூடும்."

துர்கா அங்கிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். வெட்டுப்பாறையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பதினேழுல ஜன்னலு எந்தப் பக்கம் வெக்கப்போற?"

ஜெகதீசனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. தலையைக் குனிந்தபடி பள்ளத்தின் விளிம்புவரை நடந்தார். கீழே எட்டிப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"தேவி, இத்த வந்து பாரேன். எம்மாந் தண்ணி! கோடைலயும் வத்தாது போலக் கீது. லேக் வியூ! அந்தப் பாறையும் பூட்டா, நம்ம வூட்லர்ந்து நேரா தண்ணிதான் தெரியும். டீச்சர், உங்க பதினெட்டுலர்ந்தும் தெரியும்! ஹில்லுக்கு இல்லாத மவுசு லேக்குக்குக் கீது. தேவி, கொஞ்சம் இந்த ஓரமா வந்து நில்லு."

துர்கா எழுந்தாள். பழக்கதோஷத்தில் போய் நின்றுவிடுவாளோ என்று பயந்தேன். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நாளைக்கு பேங்குக்குப் போவாதீங்க" என்றாள். "இத்தினி நாளும் என் மூஞ்சப் பாத்துதானே வாங்கிகினு கீறாங்க? எத்தினி பேரு டீச்சர்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடுங்க."

எடுத்தேன். "தேவி, தேவி" என்று இரண்டு முறை பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. மூன்றாவது முறை கேட்கவில்லை. என்ன ஆயிற்றோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ஜெகதீசன் பள்ளத்தைப் பார்த்துக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். தண்ணீரை மறைத்துக்கொண்டு ஒரு டிப்பர் கல் ஏற்றி நின்றது. இடது கையை வேகமாக ஆட்டி, அதைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.